தோப்பில் பிக்கப் பஞ்சரா? ஜாக்கிக்கு முன் மண்ணைப் பாருங்கள்

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் குரும்பை கொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மரங்களைப் பார்த்துவிட்டு உரக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, தேங்காய் ஏற்றிக் கிளம்பிய பிக்கப் வண்டி ஐம்பது அடி போய் நின்றுவிட்டது. வலது பின் சக்கரம் பஞ்சர்.

டிரைவர் தம்பி பழகிய கை. சீட்டுக்குப் பின்னால் இருந்த பாட்டில் ஜாக்கியை எடுத்தார். பக்கத்தில் கிடந்த ஹாலோ பிளாக் கல்லை மணலில் போட்டு, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினார். பத்து நிமிடத்தில் சக்கரம் வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் ஸ்டெப்னி நினைவுக்கு வந்தது. அது வண்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றப் படுத்து நுழையப் போனவரைத் தோப்புக்காரர், "தம்பி, ஒரு இளநி குடிச்சிட்டு அப்புறம் பாருப்பா" என்று கூப்பிட்டார். எழுந்து நான்கு அடி வந்திருப்பார். கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஜாக்கி சாய்ந்து வெளியே தெறித்தது. பிரேக் டிரம் ஒரு சாண் ஆழத்துக்கு மணலில் புதைந்தது. அந்தத் தம்பி இளநீரைத் தொடவே இல்லை.

நான் உழவியல் படித்தவன். ஜாக்கி என் பாடம் இல்லை. ஆனால் அன்று ஜாக்கியில் ஒரு குறையும் இல்லை. திரும்ப எடுத்துப் பார்த்தபோது நன்றாகவே வேலை செய்தது. தவறியது அதன் அடியில் இருந்த கல்லும், கல்லின் அடியில் இருந்த மண்ணும். மண் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால்தான் இதை வேளாண் பக்கத்தில் எழுதுகிறேன்.

2005ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று பெயர் எடுத்த பிறகு, சிறு விவசாயி வீட்டிலும் சரக்கு வண்டி நிற்கத் தொடங்கியது. இன்று பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் பக்கமெல்லாம் காய்கறி, தேங்காய், சவுக்குக் கழி, நெல் மூட்டை எல்லாம் இதைவிடப் பெரிய பிக்கப்பில்தான் கடலூர் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வருகின்றன. வண்டி பெரிதாகிவிட்டது. அதைத் தூக்கும் பழக்கம் மட்டும் இன்னும் காருக்குச் செய்த மாதிரியே இருக்கிறது.

ஒரு சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை?

ஜாக்கி வாங்கக் கடைக்குப் போகும் முன் உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். காலி எடை, சுமையோடு சேர்ந்த மொத்த எடை என இரண்டும் அதில் இருக்கும். பிக்கப் ரகங்கள் பலவும் மொத்த எடை 3,500 கிலோவுக்குள் வரும் பிரிவைச் சேர்ந்தவை. ஆனால் ஜாக்கிக்கு மொத்த எடையை விட முக்கியம், அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. காலி வண்டியில் இன்ஜின் இருக்கும் முன்பக்கம்தான் கனம். சரக்கு ஏற்றினால் அந்தச் சரக்கு ஏறக்குறைய முழுவதும் பின் ஆக்ஸில் மேல் போய் உட்காரும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. எடை மேடையில் வண்டியை முழுதாக ஏற்றி எடை போட்ட பிறகு, முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டி நிற்கும்படி வண்டியை நகர்த்தி, பின் சக்கரங்களை மட்டும் ஒரு முறை எடை போடச் சொல்லுங்கள். உதாரணத்துக்குக் காலியாக 1,700 கிலோ உள்ள ஒரு வண்டி. அதில் பின் ஆக்ஸில் பங்கு 700 கிலோ. ஒன்றரை டன் தேங்காய் ஏற்றினால் பின் ஆக்ஸில் மேல் 2,100 கிலோ வரை வந்துவிடும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு அருகில் ஜாக்கி வைத்தால் அதில் பாதி, அதாவது 1,050 கிலோ. நடுவில் வைத்து இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கினால் முழு 2,100 கிலோ. ஆர்.சி. புத்தகத்துக்கு மேல் ஏற்றுகிறவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கூட்டிக்கொள்ளட்டும்.

இந்தக் கணக்கோடு பார்த்தால், பிக்கப் வைத்திருப்பவர் ஷெட்டுக்கு வாங்கும் ட்ராலி ஜாக்கி 3 டன்னுக்குக் குறையக்கூடாது. வண்டியில் வைத்துக்கொள்ளும் பாட்டில் ஜாக்கி 5 டன் இருந்தால் நிம்மதி. சில இறக்குமதி ஜாக்கிகளில் உள்ள டன் அமெரிக்க டன். அது 907 கிலோதான். '3 டன்' என்று போட்டிருந்தாலும் உண்மையில் 2,700 கிலோ சொச்சம். ஆகவே டன்னைப் பார்க்காமல் கிலோவில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

எந்த ஜாக்கி எங்கே?

சின்னப் பெட்டியில் கைப்பிடியோடு வரும் 2 டன் ட்ராலி ஜாக்கிகள் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. காருக்கு அது போதும். பிக்கப்புக்கு வேண்டாம் என்பேன். டன் கணக்கு ஒரு காரணம் என்றால், உயரம் அதைவிடப் பெரிய காரணம். அவை தூக்கும் உயரம் 35 செ.மீ. அளவில் நின்றுவிடும். பிக்கப்பின் ஆக்ஸில் நல்ல டயரில் நிற்கும்போதே ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கிறது. உயரம் போதவில்லை என்றதும் நம்மவர்கள் ஜாக்கித் தலைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகுவார்கள். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் செருகிய துண்டு எந்த நேரமும் வழுக்கும். 3 டன் பெரிய ட்ராலி ஜாக்கி 45 முதல் 50 செ.மீ. வரை தூக்கும், அகலமாக உட்காரும், தலைக் கிண்ணமும் பெரிது. எடை 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் அதை வண்டியில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அது ஷெட்டின் சாமான்.

அப்படி ஷெட்டில் இருப்பதுதான் அதற்கு நல்லதும். ட்ராலி ஜாக்கியின் தலை நேராக மேலே ஏறுவதில்லை. ஒரு முனையில் பூட்டிய கை உயர்வதால் வளைவாக ஏறும். அந்த வளைவை ஈடுகட்ட ஜாக்கி தன் சின்ன இரும்புச் சக்கரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு வண்டிக்கு அடியில் நகர வேண்டும். சிமென்ட் தரையில் அது நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டால் ஜாக்கி நகராது. பதிலுக்குத் தலைக் கிண்ணம் ஆக்ஸிலில் இருந்து நழுவும், அல்லது வண்டி ஒரு பக்கமாக இழுபடும். தோப்பில், வயல் ஓரத்தில், சரளை போட்ட பாதையில் ட்ராலி ஜாக்கியை எடுக்கவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சிமென்ட் தரை என்றாலும், மணல் மேல் ஒரு அங்குலத்துக்குப் பூசிவிட்ட தரை கணக்கில் வராது. நெல் காயவைக்கும் கான்கிரீட் களம் ஊரில் இருந்தால், விரிசல் இல்லாத இடமாகப் பார்த்து வேலையை அங்கே வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்ல இடம் கிராமத்தில் கிடைப்பது அரிது.

மண்ணில் பாட்டில் ஜாக்கிதான் தோது. நேராக மேலே ஏறும். அடியில் பலகை வைக்க வசதி. அதற்கு ஒரு குறை உண்டு. மடக்கிய நிலையிலேயே 5 டன் பாட்டில் ஜாக்கி 20 செ.மீ. அளவு உயரம். அன்று தோப்பில் காற்று முழுதும் போன சக்கரத்துக்கு அருகில் ஆக்ஸிலின் அடியை அளந்தபோது தரையிலிருந்து 20 செ.மீ.தான் இருந்தது. ஜாக்கியே நுழையாத இடத்தில் பலகையை எங்கே வைப்பது? பலரும் இந்த இடத்தில்தான் மண்ணைத் தோண்டி ஜாக்கியைக் குழியில் இறக்குகிறார்கள். அது இருக்கும் உறுதியையும் கெடுப்பது. சரியான வழி, தூக்கும் முன்பே பஞ்சரான சக்கரத்தின் முன்னால் இரண்டு அங்குலப் பலகை ஒன்றை வைத்து, வண்டியை மெதுவாக நகர்த்தி அதன் மேல் ஏற்றிக்கொள்வது. இரண்டு பலகை படிபோல வைத்தால் நான்கு அங்குலம் கிடைக்கும். உங்கள் வண்டியில் இந்த உயரத்தை ஒரு நாள் வீட்டிலேயே, டயரில் காற்றை இறக்கிவிட்டு அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மடக்கினால் எவ்வளவு உயரம்?' என்பதே.

காரோடு வரும் கத்தரிக்கோல் ஜாக்கியை மறந்துவிடலாம். பழைய லாரிக்காரர்களின் திருகு ஜாக்கியை நான் குறை சொல்ல மாட்டேன். வேகம் கிடையாது; ஆனால் திருகு தானாக இறங்காது. தாழ்ந்த வீடுகளை அப்படியே தூக்குகிறவர்கள் நூற்றுக்கணக்கில் திருகு ஜாக்கிகளைப் பயன்படுத்துவது அதனால்தான்.

எண்ணெய் ஜாக்கியின் வேலை வேறு மாதிரி. மூடிய திரவத்தின் மேல் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் பாஸ்கல் சொன்னார். அதை வைத்து 1795ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா நீர் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையில் தூக்கிச் செல்லும் ஜாக்கியாக அதை அமெரிக்காவில் 1851ல் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் டட்ஜன். இத்தனை காலத்தில் கொள்கை மாறவில்லை. சின்னக் குழாயில் நாம் அடிக்கும் எண்ணெய், பெரிய குழாயில் உள்ள தண்டை மேலே தள்ளுகிறது. 3 செ.மீ. விட்டமுள்ள தண்டு ஒரு டன்னைத் தாங்கும்போது, உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 140 கிலோ. உங்கள் டயரில் இருப்பது 4 கிலோ அளவுதான். அந்த 140 கிலோவை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் வளையம். அதில் சின்னக் கீறல் விழுந்தாலும் வண்டி இறங்கும். சில நேரம் மெதுவாக. சில நேரம் சட்டென்று.

தோப்பு மண் எவ்வளவு தாங்கும்?

பாட்டில் ஜாக்கியின் அடித்தகடு 11 செ.மீ. சதுரம் என்று வைப்போம். பரப்பு சுமார் 120 சதுர செ.மீ. அதன் மேல் 1,050 கிலோ என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணின் மேலும் 9 கிலோ அழுத்தம். கட்டடம் கட்டுகிறவர்கள் தளர்ந்த மணலுக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் பதியும் களிமண்ணுக்கும் தரும் தாங்குதிறன் 1 கிலோ. நன்றாகக் குழைந்த களிக்கு அதிலும் பாதிதான். ஆக, ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்தால் அது புதையாமல் இருப்பதுதான் அதிசயம். புதைவதிலும் நேராகப் புதைந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் வேர், ஒரு பக்கம் எலி வளை என்று இருக்கும் தோப்பு மண்ணில் அது சாய்ந்துதான் புதையும்.

நோணாங்குப்பம் மாதிரி ஆறும் கடலும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் மண் பத்தடிக்கு ஒரு குணம். உலர்ந்த மணல் ஜாக்கியின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஒதுங்கி ஓடும். லேசான ஈரம் உள்ள மணல் கெட்டிப்பட்டு நிற்பதுபோல் தெரியும். வெயில் ஏறிக் காய்ந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். தண்ணீர் நிறைந்த மணல் வண்டி அதிர்ந்தாலே குழம்பும். நான் அதிகம் பயப்படுவது வெள்ளம் வடிந்த வண்டல் மண்ணுக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழைக்குப் பின் மேலே பொருக்கு காய்ந்து வெடித்து, நடந்தால் கெட்டியாகத் தெரியும். அரை அடிக்குக் கீழே சேறு அப்படியே இருக்கும். உழுத வயலில் இதற்கு நேர் எதிர். மேல் அரை அடி பொலபொலப்பு, அதன் கீழே ஏர் தொடாத கெட்டித் தட்டு. அந்தத் தட்டில் முட்டும்வரை ஜாக்கி இறங்கிக்கொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலின் குதிகாலில் நில்லுங்கள். குதிகால் தரையைத் தொடும் பரப்பு 30 சதுர செ.மீ. அளவு. 70 கிலோ ஆள் நின்றால் சதுர செ.மீ.க்கு 2.3 கிலோ. குதிகால் ஒரு விரல் அகலம் கூடப் பதியவில்லை என்றால் மேல் மண் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. இது முதல் பாதிதான். குதிகால் சின்னது; அதன் அழுத்தம் மேலே சில அங்குலத்தோடு நின்றுவிடும். அகலமான பலகை வைத்தால் அழுத்தம் குறையும், ஆனால் பலகையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆழம் வரை போகும். பொருக்குக்கு அடியில் உள்ள சேற்றைக் குதிகால் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒரு முழ நீளம் கட்டுமானக் கம்பி, 10 மி.மீ. கனத்தில், போதும். மூன்று நான்கு இடத்தில் ஒரு கையால் அழுத்திப் பாருங்கள். மேலே முட்டிவிட்டுப் பிறகு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அங்கே வண்டியைத் தூக்கக்கூடாது. நெற்வயலின் வரப்பு ஓரம், புதிதாக மண் அணைத்த வாய்க்கால் கரை இரண்டும் எந்தச் சோதனையும் இல்லாமலே தள்ளிவிட வேண்டிய இடங்கள்.

கெட்டித் தரை இருநூறு அடி தள்ளி இருக்கிறது என்றால், பஞ்சர் டயரோடு மெதுவாக ஓட்டிக்கொண்டு அங்கே போய்விடுங்கள். டயர் கெட்டுப்போகலாம். போகட்டும்.

பலகை தயார் செய்வது எப்படி?

கணக்கு சுலபம். 45 செ.மீ. சதுரப் பலகை என்றால் பரப்பு 2,025 சதுர செ.மீ. 1,050 கிலோவை அதில் பரப்பினால் ஒரு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோதான். 9 கிலோ அரைக் கிலோவாகிவிட்டது. ஆனால் பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் வளைந்து, ஓரங்கள் சும்மா இருக்கும். எடை பலகைக்குள் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில்தான் விரியும். 5 செ.மீ. கனமுள்ள ஒற்றைப் பலகையின் மேல் 11 செ.மீ. ஜாக்கி வைத்தால், அடியில் 21 செ.மீ. சதுரம் மட்டுமே வேலை செய்கிறது. மண்ணுக்குப் போவது 2.4 கிலோ. பலகை பெரிதாகத் தெரிகிறதே என்று ஏமாறுவது இங்கேதான்.

அதனால் நான் சொல்லும் அடுக்கு இது: 45 செ.மீ. நீளத்தில், 5 செ.மீ. கனத்தில் வேங்கை, கருவேலம் போன்ற கெட்டி மரப் பலகைகள் ஒரு வரிசை. அதன் மேல் குறுக்காக இன்னொரு வரிசை. அதற்கு மேல் 25 செ.மீ. சதுரத்தில் 12 மி.மீ. இரும்புத் தகடு. தகட்டின் நடுவில் ஜாக்கி. இரும்புத் தகட்டில் ஜாக்கியின் அடி நகராமலிருக்க வெல்டிங் கடையில் நான்கு மூலையிலும் சின்னக் கம்பித் துண்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டு வரிசையையும் ஆணி அடித்து ஒன்றாக்கிவிட்டால் தூக்கிப் போக வசதி. தென்னை மரத்தில் வெளிப்பக்க வைரம் மட்டும் ஆகும். நடு மரம் பஞ்சுபோல் நசுங்கும். தண்ணீரில் ஊறிப் பிரிந்த பிளைவுட் ஆகாது.

ஹாலோ பிளாக், செங்கல், சிமென்ட் சிலாப் மூன்றும் ஜாக்கிக்கு அடியில் போகவே கூடாது. மரம் முறியும் முன் முனகும், நசுங்கும், நமக்கு நேரம் கொடுக்கும். கல் எதையும் சொல்லாது. ஹாலோ பிளாக் சுவரில் அதன் முழு முகத்திலும் எடை பரவி உட்காரும்படி செய்தது. ஜாக்கியின் சின்ன அடித்தகடு அதன் மெல்லிய சுவருக்கு நடுவில் அழுத்தினால் ஒரே நொடியில் தூளாகும். அன்று நடந்தது அதுதான்.

தூக்கும்போது

சரக்கை இறக்கிவிடுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஒன்றரை டன்னை இறக்கி ஏற்ற ஆள் கூலி யார் கொடுப்பது என்பார்கள். முழுவதும் முடியாவிட்டால் பஞ்சரான பக்கத்துச் சரக்கையாவது இறக்குங்கள். சவுக்குக் கழி, வைக்கோல் போல உயரமாக அடுக்கிய சுமையும், பால் கேன், தண்ணீர்த் தொட்டி போல ஆடும் சுமையும் ஏற்றிய வண்டியை அப்படியே தூக்குவது எந்த நிலையிலும் கூடாது.

அடுத்தது ஸ்டெப்னி. சக்கரங்கள் நான்கும் தரையில் இருக்கும்போதே அதை இறக்கி வெளியே எடுத்துவிட வேண்டும். வண்டியைத் தூக்கிய பிறகு அடியில் நுழைவதற்கான காரணம் ஒன்று இதனால் இல்லாமல் போகிறது. சக்கர நட்டுகளையும் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் ஸ்பேனரை மிதித்துத் திருகினால், அந்த உதை முழுவதும் ஜாக்கியைத்தான் தள்ளும்.

இப்போது பலரும் தவறாக நம்பும் ஒரு விஷயம். 'கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது' என்பார்கள். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கியவுடன் கியர் செத்த மாதிரிதான். இன்ஜினும் பல்சக்கரமும் பிடித்திருந்தாலும், டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் உருள முடியும். ஹேண்ட் பிரேக் பின் சக்கர டிரம்களைப் பிடிக்கும் வண்டியில் மிச்சம் உள்ள ஒரு சக்கரம் பிடிக்கும், அவ்வளவுதான். சில பழைய ஜீப் ரகங்களில் ஹேண்ட் பிரேக் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்டைப் பிடிக்கும். அதில் அந்த ஒரு பிடிப்பும் கிடையாது. ஆகவே ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும், கியரும் போட வேண்டும், அதோடு முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் அடைக்கட்டை வைக்க வேண்டும். உருண்டைக் கல் கட்டை ஆகாது. டயரின் உயரத்தில் கால் பங்கு உயரமுள்ள ஆப்பு வடிவ மரத்துண்டு நல்லது. முன் சக்கரத்தைத் தூக்குவதாக இருந்தால் கட்டை பின் சக்கரங்களுக்கு.

நோணாங்குப்பம் பாலத்தின் இரு பக்க ஏற்றம் போன்ற சரிவில் எந்தக் கட்டையை நம்பியும் தூக்காதீர்கள். சமதளம் வரும்வரை ஓட்டிப் போய்விடுங்கள். கடலூர் சாலையில் பஸ்கள் போகிற வேகத்துக்கு, சாலை ஓரத்தில் ஜாக்கி மேல் நிற்கும் வண்டி ஒவ்வொரு முறையும் ஆடும்.

ஜாக்கியை எங்கே வைப்பது? பட்டை ஸ்பிரிங் உள்ள பின்பக்கத்தில், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஆக்ஸில் குழாயின் அடியில். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் முழுதாக விரிந்து முடித்த பிறகுதான் சக்கரம் எழும்பும். தேவையில்லாமல் ஒரு சாண் கூடுதலாகத் தூக்க வேண்டிவரும். உயரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் வசதியான இடமாகக் கண்ணில் படும். வழுவழுப்பான உருண்டையின் மேல் ஜாக்கித் தலை நிற்காது. வண்டியின் கையேடு அதை அனுமதித்தால் ஒழிய அங்கே வைக்க வேண்டாம். முன்பக்கம் வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் கடை எழும்பியதும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பலகை எந்தப் பக்கமாவது இறங்குகிறதா, ஜாக்கித் தண்டு சாய்கிறதா, இடைவெளி குறைகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும். களிமண் உடனே இறங்காது. பிழிபட்ட நீர் வெளியேற நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். ஐந்து நிமிடம் கேட்பது அதற்காகத்தான். ஏதாவது நகர்ந்தால் இறக்கிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகாதீர்கள்

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு வேறு பொருள் வேண்டும். ஷெட்டில் ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க, ஸ்பிரிங் மாட்ட வண்டியைத் தூக்குகிறவர்கள் ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி கட்டாயம் வாங்க வேண்டும். 3 டன் என்பது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்டு வாங்குங்கள். பல் வைத்து உயர்த்தும் ரகத்தில் குறுக்கே செருகும் பூட்டு ஊசியும் இருப்பதாகப் பாருங்கள். 2020ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் 17 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பற்களில் கொக்கி முழுதாக மாட்டாமல், எடை இடம் மாறும்போது ஸ்டாண்டு கீழே இறங்கலாம் என்பது குறை. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகள் சிலவற்றையும் வெல்டிங் கோளாறு என்று திரும்ப வாங்கினார்கள். பெரிய தொழிற்சாலைப் பொருளுக்கே இந்த நிலை என்றால், பழைய குழாயை வெட்டி உள்ளூரில் ஒட்டிய ஸ்டாண்டின் அடியில் நான் படுக்க மாட்டேன்.

அதைவிட நல்ல மாற்று நம் கையில் இருக்கிறது. 10 செ.மீ. சதுரம், 45 செ.மீ. நீளம் உள்ள மரத்துண்டுகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆக்ஸில் அல்லது சேஸிஸ் அடிவரை கொண்டுவாருங்கள். அடுக்கின் உயரம் துண்டின் நீளத்தைத் தாண்டக்கூடாது. மண்ணில் புதையாது, சாயாது, வெல்டிங் விடாது. தோப்பில் சக்கரம் மட்டும் மாற்றுவதாக இருந்தால், கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். வண்டி விழுந்தாலும் ஒரு சாண் இடைவெளி மிஞ்சும். அந்த நேரத்திலும் கையோ தலையோ சக்கர வளைவுக்குள் போகக்கூடாது; சக்கரத்தை வெளியிலிருந்தே தூக்கி மாட்ட வேண்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

நட்டுகளை எதிரெதிராகத் தேர்ந்து கையால் இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு முழுப் பலத்தில் இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை.

டிராக்டரின் முன் ஆக்ஸிலைத் தூக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆக்ஸில் நடுவில் ஒரு ஊசியில் ஆடும்படி செய்தது. ஒரு முனையைத் தூக்கினால் மேலே இருக்கும் டிராக்டர் மறுபக்கம் சாயலாம். தூக்கும் முன் ஆக்ஸிலுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவில் இரு பக்கமும் மர ஆப்பு அடித்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சக்கர டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றிவிட்டு ஜாக்கி வைக்காதீர்கள்.

கடற்கரை ஊர்களில் ஜாக்கி பராமரிப்பு

உப்புக்காற்றுக்கு ஜாக்கியின் பளபளப்பான தண்டுதான் முதலில் இரையாகும். அதில் துரு பொத்தல் பொத்தலாக அரித்தால், ஏறி இறங்கும்போது ரப்பர் வளையத்தை அரம்போல் ராவும். எப்போதும் தண்டை முழுதாக உள்ளே இறக்கி, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, நிமிர்த்தி வையுங்கள். எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் மட்டும் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அது ஜாக்கி ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அடித்தால் ஏறாமல் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. சுமை இல்லாமல் இறக்கும் திருகைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் வெளியேறும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலி வண்டியின் ஒரு சக்கரத்தைக் கான்கிரீட் தரையில் இரண்டு விரல் கடை தூக்கி, அடியில் மர அடுக்கும் வைத்து, சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து மறுபடி அளங்கள். இடைவெளி குறைந்திருந்தால் அந்த ஜாக்கி ரப்பர் மாற்றும் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் இந்த மாடலுக்கு ரப்பர் கிடைக்காது என்று சொன்னால் பழைய இரும்புக் கடைக்கு.